நடந்து வெளியே வந்ததற்காக

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். வெளியில் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கும் ஒன்றை உங்களிடம் கேட்கத் துணிகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தொன்று. குடல் அழற்சி நோய் முற்றியதால் பெருங்குடலை அறுவை செய்து எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வயிற்றில் போட்ட துளையின்மேல் ஒட்டியிருக்கும் பையில்தான் கழிவு சேர்கிறது. உடுத்தியிருக்கும் ஆடைக்குள் அது வெளியே தெரியாது. சென்ற மாதம் ஒரு ரயில் நிலையத்தில் பை கசியத் தொடங்கிவிட்டது. மற்றக் கழிப்பறைகளில் கைகழுவும் தொட்டி அறைக்கு வெளியே இருப்பதால், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்குள் சென்றேன். எல்லாவற்றையும் மாற்றிச் சுத்தம் செய்ய இருபது நிமிடம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது சக்கர நாற்காலியில் ஓர் இளைஞரும் அவருடைய தாயாரும் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "கை கால் நல்லாத்தானே இருக்கு? போர்டைப் படிக்கத் தெரியாதா?" என்று சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். நான் ஒன்றும் பேசாமல் நடந்துவிட்டேன்.

நான் செய்தது தவறா? என் வயிற்றைத் திறந்து காட்டியிருக்க வேண்டுமா? என் கணவர், "பேசாமல் ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்" என்கிறார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் அந்த அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தால் எனக்கும் கோபம் பொங்குகிறது. அப்படியானால் அந்த அம்மாளுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் செய்தது தவறில்லை. அந்த அறையில் உங்களுக்கு இடம் உண்டா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஏனெனில் அதைவிடக் கடினமான ஒன்று உங்கள் கடிதத்தில் பின்னால் காத்திருக்கிறது.

அந்த அறையை அளந்து கட்டுபவர்கள் சக்கர நாற்காலியை மனத்தில் வைத்தே தொடங்குகிறார்கள் என்பது உண்மைதான். நாற்காலி ஒரு சுற்றுத் திரும்புவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விட்டத்தில் வெற்றிடம் விடுகிறார்கள். நாற்காலியைக் கம்மோடின் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தி, கைகளை ஊன்றி உடலை அதன்மேல் நகர்த்திக்கொள்வதற்காக ஒரு பக்கத்தைக் காலியாக வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பிகளையும் பொருத்துகிறார்கள். ஆனால் கட்டி முடித்த அறையில் இருப்பவை சக்கர நாற்காலிக்காரருக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. மூட்டுவாதத்தால் உட்கார்ந்தால் எழ முடியாத முதியவருக்கு அந்தக் கம்பி வேண்டும். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாததால் நாளில் பலமுறை தாமே குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியவருக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் தண்ணீர் வேண்டும். கைச் சுத்தம் குறைந்தால் அவருக்குக் கிருமித் தொற்று வரும். மறதிநோய் முற்றிய மனைவியை அழைத்துவரும் கணவர் ஆண்கள் பகுதிக்கும் போக முடியாது, பெண்கள் பகுதிக்கும் போக முடியாது. இருவருமாக நுழையக்கூடிய கதவு அது ஒன்றுதான். உங்களுக்கோ தண்ணீர், தொட்டி, பொருள்களை வைக்க ஒரு தட்டு, மூடியுள்ள குப்பைக்கூடை ஆகிய நான்கும் ஒரே கதவுக்குள் வேண்டும். அதுவும் உடனே வேண்டும், ஏனென்றால் சிறுகுடலிலிருந்து நேராக வருவதில் செரிமான நீர் கலந்திருப்பதால், கசிவு பட்ட தோல் விரைவில் புண்ணாகிவிடும்.

இவ்வளவு பேருக்கான அறையின் கதவில் ஒற்றைச் சக்கர நாற்காலி மட்டும் வரையப்பட்டிருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சுசன் கோஃபோட் என்ற டென்மார்க் வடிவமைப்பு மாணவி 1968இல் அதை வரைந்தார். அவர் வரைந்ததில் தலை இல்லை. வெறும் நாற்காலிபோல் தோன்றுகிறது என்று கருதிய, சின்னத்தைத் தேடிய பன்னாட்டுக் குழுவின் தலைவர் கார்ல் மோன்டன் மேலே ஒரு வட்டத்தைச் சேர்க்க, மறு ஆண்டு அது பன்னாட்டுச் சின்னமாக ஏற்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்ததும் புரிய வேண்டிய குறிக்கு அதைவிடத் தெளிவான உருவம் கிடைத்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பார்த்துப் பழகிய கண், கதவு திறந்ததும் சக்கரத்தைத் தேடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், குறிப்பிடத்தக்க உடற்குறைபாடோ மனநலக் குறைபாடோ உள்ளவர்கள் 130 கோடிப் பேர். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் சுமார் 8 கோடிப் பேர். அந்த அம்மாள் போர்டைச் சரியாகத்தான் படித்தார், போர்டில் இருப்பது அவ்வளவுதான்.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அந்தத் தாயைப் பற்றிப் பல வரிகள் இருக்கின்றன, அந்த இளைஞரைப் பற்றி ஒரே ஒரு சொற்றொடர்தான் இருக்கிறது. அவர் எவ்வளவு நேரமாகக் காத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் உள்ளே போன மறு நிமிடமே அவர் வந்திருக்கலாம். தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியபடி இருந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், சிறுநீரை உடனே வெளியேற்ற வேண்டும். அந்த இளைஞருக்கு அப்படியென்று நான் சொல்லவில்லை. உங்கள் பை ஆடைக்குள் இருந்ததைப் போல அவருடைய அவசரமும் வெளியே தெரியாததாக இருந்திருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு அந்த அறை மிக வேண்டியதுதான், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வேறொரு கதவுக்குள் எப்படியோ சமாளிக்கும் வழி, எவ்வளவு அருவருப்பானதாக இருந்தாலும், உங்களுக்கு உண்டு. நாற்காலி நுழையாத கதவுக்குள் அவர் சமாளிக்கவே முடியாது. மகனின் பொருட்டு இப்படிப் பூட்டிய கதவுகளுக்கு முன் பல ஆண்டுகளாக நின்று, உள்ளேயிருந்து கைப்பேசியும் கையுமாக வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவராக அந்தத் தாய் இருந்திருப்பார் என்பது என் ஊகம். அவர் பேசியதை அது நியாயப்படுத்தாது.

ஆகவே அந்த இளைஞருக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று கருதுகிறேன். "காக்க வைத்துவிட்டேன், மன்னியுங்கள். எனக்கும் இந்த அறைதான் தேவைப்பட்டது" என்று அவரைப் பார்த்து, அவருடைய தாயைப் பார்த்து அல்ல, சொன்னால் போதும். முதல் பாதி காத்திருந்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியது. இரண்டாவது பாதியைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நோயின் பெயரையோ வயிற்றையோ காட்ட வேண்டியதில்லை. அதைக் கேட்கும் உரிமை வரிசையில் நிற்கிற எவருக்கும் கிடையாது. அதைவிட உதவியானது வேறொன்று. உள்ளே இருக்கும்போது யாரேனும் கதவைத் தட்டினால், சங்கடத்தில் மௌனமாக இருந்துவிடாமல், "இன்னும் பத்து நிமிடம் ஆகும்" என்று குரல் கொடுங்கள். வெளியே இருப்பவர் அதைக் கேட்டுக் காத்திருப்பதா, வேறு இடம் தேடுவதா என்று முடிவு செய்துகொள்வார். ஒரே நேரத்தில் இருவரும் கதவுக்கு வந்து சேர்ந்தால், யாருக்கு அதிக அவசரம் என்று கேட்டுவிடுவது கணக்குப் பார்ப்பதைவிடச் சுலபம்.

உங்கள் கணவர் சொல்லும் அட்டையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், குடல் அழற்சி நோய்களில் ஒன்றான க்ரோன் நோயுள்ள ஒரு பதின்வயதுச் சிறுமிக்குக் கடையொன்றில் ஊழியர் கழிப்பறை மறுக்கப்பட்டதன் விளைவாக 2005இல் ஒரு சட்டம் வந்தது. அதைப் பின்பற்றிய வேறு சில மாநிலங்களின் சட்டங்கள் மருத்துவரின் தாளையோ அடையாள அட்டையையோ காட்டச் சொல்கின்றன. பூட்டிய கதவின் சாவியைக் கையில் வைத்திருப்பவரிடம் அப்படி ஓர் அட்டையைக் காட்டுவது பயனுள்ள காரியம், கைப்பையில் ஒன்று இருக்கட்டும். பிரிட்டனில் 1981 முதல் இருக்கும் 'ரேடார் சாவி' (ரேடார் என்பது ஒரு மாற்றுத்திறனாளிகள் அமைப்பின் பெயர்) முறையில் அந்தப் பேச்சே எழுவதில்லை: ஒரே சாவி நாடெங்கும் ஆயிரக்கணக்கான கழிப்பறைகளைத் திறக்கிறது, வைத்திருப்பவர் யாரிடமும் கேட்காமல் உள்ளே போகிறார். வெளிப்படத் தெரியாத குறைபாடுள்ளவர்கள் விரும்பினால் அணிந்துகொள்ளச் சூரியகாந்திப் பூப்போட்ட பச்சை நிறக் கழுத்துப்பட்டை ஒன்றும் 2016இல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. விரும்பினால் என்ற சொல்லை உங்கள் கணவருக்கு அழுத்திச் சொல்லுங்கள். முகம் தெரியாதவர்களின் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக ஒருவர் தம் நோயை நாள் முழுதும் கழுத்தில் சுமக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்த அறையிலிருந்து நடந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்து நீங்கள் கோபப்படும்போது, உங்களுக்கும் அந்த அம்மாளுக்கும் வேறுபாடு ஏதும் இல்லை. அவர்களில் யார் பை மாற்ற வந்தவர், யார் சட்டை மாற்ற வந்தவர் என்பதை உங்களாலும் சொல்ல முடியாது. இந்த அறை வேண்டுமா என்ற கேள்வியை உள்ளே போகிறவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும், வெளியே நிற்பவர் கேட்பதற்கில்லை. உடலில் ஒரு குறையும் இல்லாதவரும் மற்றக் கதவுகள் எல்லாம் பூட்டியிருந்து அடக்கவும் முடியாத நிலையில் அங்கே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தால் எனக்கு மறுப்பில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தைப் போல அது மணிக்கணக்கில் அடைபட்டுப்போவதில்லை. சுத்தமாக இருக்கிறது, இடம் விசாலமாக இருக்கிறது, வரிசை இல்லை என்பதற்காகப் போவதுதான் தவறு. வரிசை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த அறை தனியாக இருக்கிறது.

இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். பயணக் களைப்புத் தீர முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ள, அரங்கத்தின் பின்புறமிருந்த அந்த அறைக்குள் நுழைந்தேன். மற்றக் கழிப்பறைகள் காலியாகத்தான் இருந்தன. கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது, இரு கக்கத்திலும் ஊன்றுகோல் வைத்த ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வசை விழும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தேன். அவர் என் கால்களைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலாக அறைக்குள் பார்த்து, "உள்ளே தரை ஈரமா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். நான் முகம் கழுவிய தண்ணீர் தொட்டியிலிருந்து கம்மோடு வரை சிதறிக் கிடந்தது. சட்டையை விரித்து வைக்க இடம் வேண்டி நான் நகர்த்திய குப்பைக்கூடை, நாற்காலியை நிறுத்த வேண்டிய காலியிடத்தின் நடுவில் நின்றது. ஊன்றுகோலின் ரப்பர் நுனி ஈரத்தில் எப்படி வழுக்கும் என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மீண்டும் உள்ளே போய்க் கூடையைச் சுவரோரம் தள்ளி, காகிதச் சுருள் தீரும்வரை குனிந்து தரையைத் துடைத்தேன். அவர் அதுவரையும் வெளியே நின்றுகொண்டிருந்தார்.