கேஸுக்காக முதுகில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறேன். வயது 41, ஐ.டி. வேலை. நான்கு மாதம் முன்பு சிக்னலில் நின்றிருந்த என் காரை ஒரு பிக்கப் வண்டி பின்னாலிருந்து இடித்தது. அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, கைக்காசு செலவில்லை என்று சொல்லி ஒரு வக்கீலிடம் சேர்த்துவிட்டார். அவர் ஒரு முதுகெலும்பு கிளினிக்குக்கு அனுப்பினார். கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸைக் காட்ட வேண்டாம் என்றார்கள்; சில தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். மூன்று ஊசி போட்டார்கள். இதுவரை பில் 46,000 டாலர். இப்போது ஆபரேஷன் செய்துகொண்டால் கேஸ் வலுவாகும் என்கிறார்கள். எனக்கோ வலி குறைந்து வருகிறது. என்ன செய்வது சார்?

பதில்: ஆபரேஷன் தேதியை இன்றே தள்ளிப்போடுங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அது வேறு விஷயம். வலி குறைந்து வருபவரிடம் ‘கேஸ் வலுவாகும்’ என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அதில் மருத்துவம் எங்கே இருக்கிறது? எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று, அநேகமாக ‘லெட்டர் ஆஃப் புரொடெக்‌ஷன்’. இப்போது பணம் கேட்காமல் வைத்தியம் பார்க்கிறோம், செட்டில்மென்ட் வந்ததும் அதிலிருந்து எங்கள் பில்லைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். இன்சூரன்ஸே இல்லாத ஒரு கூலித் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு உண்மையிலேயே பெரிய உதவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கு தோற்றாலும், வந்த பணம் போதாவிட்டாலும் மீதிக் கடன் நோயாளி தலையில்தான் என்று அந்தத் தாளில் வழக்கமாக எழுதியிருக்கும். உங்களுடையதில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

கையில் நல்ல இன்சூரன்ஸ் இருக்கும்போது அதை ஏன் மறைக்கச் சொன்னார்கள்? டெக்சாஸ் சட்டப்படி, மருத்துவச் செலவுக்காக உண்மையில் கட்டிய அல்லது கட்ட வேண்டிய தொகையை மட்டுமே எதிர்த்தரப்பிடம் கேட்க முடியும். 2011-ல் ஹேகுட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த வழக்கில் மருத்துவர்கள் போட்ட பில் சுமார் 1,10,000 டாலர். முதியோருக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேர் கணக்கில் அது சுமார் 27,700 ஆகச் சுருங்கியது. சிறிய தொகைதான் கணக்கு என்றது நீதிமன்றம். அதாவது நீங்கள் இன்சூரன்ஸைக் காட்டினால் பில் சுருங்கும், பில் சுருங்கினால் கேட்கும் நஷ்ட ஈடும் சுருங்கும். காட்டாவிட்டால் கிளினிக் போட்ட முழு விலையும் ‘கட்ட வேண்டிய தொகை’ என்று நிற்கும். கிளினிக்குக்கும் வக்கீலுக்கும் அதில் லாபம் இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டெக்சாஸில் ஒரு வண்டிக்குக் கட்டாயமான குறைந்தபட்ச இன்சூரன்ஸில், காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர்தான் கிடைக்கும். இடித்தவரிடம் அவ்வளவுதான் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு வக்கீல் ஃபீஸ் போனால் மிச்சம் 20,000. கிளினிக் பில் 46,000. நான்கு மாத வலிக்குப் பிறகு உங்கள் கைக்கு ஒன்றும் வராது, 26,000 டாலர் கடன் வரும். இதன்மேல் ஆபரேஷன் பில்லும் ஏறினால்? அதனால் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதிராளியின் பாலிசி எவ்வளவு என்பதே. வழக்குத் தொடுத்த பிறகு அந்த விவரத்தை எதிர்த்தரப்பு மறைக்க முடியாது. உங்கள் சொந்தக் கார் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். தவறு யாருடையதானாலும் உங்கள் மருத்துவச் செலவுக்குப் பணம் தரும் ‘பி.ஐ.பி.’ என்ற பிரிவு வேண்டாம் என்று நீங்கள் எழுத்தில் கொடுத்திருக்காவிட்டால், அதில் குறைந்தது 2,500 டாலர் இருக்கும். எதிராளியின் பாலிசி போதாதபோது கைகொடுக்கும் பிரிவும் அதில் இருக்கலாம்.

பெரிய பில் காட்டினால் பெரிய தொகை வரும் என்பதும் நிச்சயமில்லை. மற்ற இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் இதே வைத்தியத்துக்கு அந்த மருத்துவமனை என்ன விலை வாங்குகிறது என்று எதிர்த்தரப்பு கேட்டு வாங்கலாம் என 2021-ல் கே அண்ட் எல் ஆட்டோ கிரஷர்ஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எம்.ஆர்.ஐ. மட்டும் உங்களைக் காப்பாற்றாது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது. ‘இது வயசுக் கோளாறு, விபத்தால் வந்ததில்லை’ என்று எதிர்த்தரப்பு மருத்துவர் சொல்லத்தான் போகிறார். அவசரப் பிரிவில் அன்றே நீங்கள் சொன்ன வலி, அதற்கு முன் முதுகுக்காக எந்த மருத்துவரையும் பார்த்ததில்லை என்றால் அந்த விவரம், இவைதான் அப்போது பேசும்.

அந்த மறுநாள் போனுக்கு வருகிறேன். விபத்தில் அடிபட்டவரைத் தேடிப் போன் போட்டு, காசுக்காக வக்கீலிடம் ஆள் பிடித்துக் கொடுப்பது டெக்சாஸில் குற்றம். ‘பாராட்ரி’ என்பார்கள். அப்படிப் பிடித்துப் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரி நீங்களே வழக்குப் போடலாம். வென்றால் 10,000 டாலர் அபராதமும் உங்களுக்கு வரும். அந்த எண், தேதி, நேரம் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். இந்த வக்கீலை விட்டு விலக நினைத்தால், முதலில் வேறொரு வக்கீலிடம் தாள்களைக் காட்டுங்கள். காரணமில்லாமல் விலக்கினால் பழையவர் ஃபீஸ் கேட்டு நிற்பார். இந்தப் போன் சங்கதி இருந்தால் கதை மாறும். விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. செட்டில்மென்ட்டுக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு, வக்கீல் முடிவு அல்ல.

ஏற்கெனவே ஏறிய 46,000 பற்றி ரொம்பக் கலங்க வேண்டாம். இப்படிப்பட்ட கிளினிக்குகள் செட்டில்மென்ட் சமயத்தில் பில்லைக் குறைத்து வாங்குவது சகஜம். சில கிளினிக்குகள் பில்லையே தள்ளுபடி விலைக்கு வேறு கம்பெனிக்கு விற்றுவிடும். அதனால் பேரம் பேசும் முன், கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இனிமேல் வைத்தியம் கம்பெனி இன்சூரன்ஸில் நடக்கட்டும். செட்டில்மென்ட் வந்தால் அவர்கள் தாங்கள் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் கேட்பது அந்தச் சுருங்கிய விலையைத்தான். இந்த வாரமே கிளினிக்கில் எழுதிக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. படங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் வாங்குங்கள். பில் பாக்கி இருக்கிறது என்று சொல்லி அவற்றை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமையில்லை. அந்தப் படங்களோடு, வக்கீலையும் கேஸையும் தெரியாத ஒரு முதுகெலும்பு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் மனைவியையும் கூட அழைத்துப் போங்கள்.