பதின்மூன்று நிமிடங்களில் பிரிந்த பாஸ்கா

கேள்வி: பத்தாம் நூற்றாண்டில் யூதர்கள் ஒரே பாஸ்கா பண்டிகையை இரு வேறு நாள்களில் கொண்டாடினார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 922ஆம் ஆண்டின் பாஸ்கா ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் என்று பாலஸ்தீன யூதர்களின் சமயத் தலைவரான பென் மெயிர் அறிவிக்க, செவ்வாய்க்கிழமையே சரி என்று பாபிலோனிய (இன்றைய ஈராக்) யூதர் தரப்புக்காக அறிஞர் சாதியா வாதாடினார். ஒரு மணி நேரத்தை 1080 கூறுகளாகப் பகுப்பது யூதர் கணக்கு. புத்தாண்டுக்குரிய அமாவாசைக் கணம் நண்பகலை எட்டிவிட்டால் புத்தாண்டைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது பாபிலோனிய விதி. நண்பகலுக்குப் பின் 642 கூறுகள் வரை தள்ளிவைக்காமல் பொறுக்கலாம் என்றார் பென் மெயிர். 923ஆம் ஆண்டுப் புத்தாண்டின் அமாவாசையோ நண்பகலுக்குப் பின் 237 கூறுகளில், அதாவது சுமார் 13 நிமிடங்களில் விழுந்ததால், பாபிலோனிய விதிப்படி அந்தப் புத்தாண்டு தள்ளிப்போனது, பென் மெயிர் கணக்கில் தள்ளிப்போகவில்லை; அதற்கேற்ப அதற்கு முந்தைய மாதங்களின் நீளத்தைத் திருத்த நேர்ந்து, பாஸ்காவும் இரண்டு நாள் விலகியது. பாஸ்கா என்பதால் புளித்த மாவுப் பண்டத்தைத் தொடவே கூடாத நாளில் அடுத்த ஊர்க்காரர் அதை உண்பது எத்தகைய பிளவு என்பதை எண்ணிப் பாருங்கள்! நாள்காட்டியை வகுக்கும் உரிமை புனித நாடான பாலஸ்தீனத்துக்கே உரியது என்பதுதான் பென் மெயிரின் அடிப்படை வாதம் என்பதால், இதை வெறும் கணக்குச் சண்டையாக நான் கருதவில்லை. இறுதியில் பாபிலோனிய விதியே நிலைத்தது. இரு தரப்பும் எழுதிய எபிரேயக் கடிதங்களின் துண்டுகள் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடச் சுவடிக் குவியலில் கிடைத்தன.