2012 ஆக்யுரா இசட்டிஎக்ஸ் நிறுத்தப்பட்டதற்கு எஞ்சின் கோளாறு காரணமா?

இல்லை. பழைய இசட்டிஎக்ஸ் ஒன்றை வாங்க நினைக்கும் நீங்கள் அஞ்சுவதுபோல் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ இருந்த குறைக்காக அந்த வண்டி நிறுத்தப்படவில்லை; அதன் 3.7 லிட்டர் வி6 எஞ்சின் ஹோண்டாவின் சொகுசுப் பிராண்டான ஆக்யுரா அதே காலத்தில் விற்ற, மூன்று வரிசை இருக்கை கொண்ட எம்டிஎக்ஸ் எஸ்யூவியிலும் இருந்ததுதான்.

விற்பனை இல்லாததே காரணம். அமெரிக்காவில் 2010இல் சுமார் 3,200 வண்டிகள் விற்றன. 2012இல் 800கூட விற்கவில்லை. எம்டிஎக்ஸைவிட விலை கூடுதலாக இருந்தும், சரிந்திறங்கும் கூரையால் பின்னிருக்கையில் தலை இடித்தது, மூன்றாம் வரிசையும் கிடையாது. இசட்டிஎக்ஸ் எம்டிஎக்ஸின் அடித்தளத்தில்தான் கட்டப்பட்டது; 2014 மாடலுக்கு எம்டிஎக்ஸ் புதிய அடித்தளத்துக்கு மாறியபோது, இவ்வளவு குறைவாக விற்கும் வண்டிக்கும் பாகங்கள் செய்யும் புதிய அச்சுகள், மோதல் சோதனைகள் என்று மறுபடி முதலீடு செய்வது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது என்பதே என் கணிப்பு. அழகான வண்டி என்பதால் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வண்டியின் விஐஎன் எண்ணுடன் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) டீலரின் உதிரிபாகப் பிரிவுக்குச் சென்று, பின்பக்கக் கண்ணாடி, பின்விளக்கு, ஜன்னலோரம் மறைந்திருக்கும் பின்கதவுக் கைப்பிடி ஆகியவை கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். எஞ்சின் பாகங்களைவிட, இந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட உடற்பாகங்கள்தாம் கிடைப்பது கடினம். 2024இல் அதே பெயரில் வந்தது மின்சார வண்டி. அதன் பாகங்கள் இதற்குப் பொருந்தா.

ஓர் எச்சரிக்கை: 2010 முதல் 2013 வரையிலான இசட்டிஎக்ஸ்கள் தகாட்டா நிறுவனம் செய்த, வெடித்துச் சிதறக்கூடிய ஏர்பேக்குகளை இலவசமாக மாற்றித் தரும் திரும்பப்பெறுதலில் அடங்கும். அந்தப் பாகம் மாற்றப்பட்டிருப்பதை அதே விஐஎன் எண்ணைக்கொண்டு உறுதிசெய்யாமல் வண்டியை வாங்காதீர்கள்.