பிள்ளையோடு யாழ்ப்பாணம் மாறலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். விவாகரத்துத் தீர்ப்பின்படி எட்டு வயது மகளின் கட்டுக்காவல் (அவளை என்னோடு வைத்து வளர்க்கும் உரிமை) எனக்கு. சனிக்கிழமைகளில் தகப்பன் பார்க்கலாம். இப்போது எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. என் அம்மாவும் அங்கேதான். மகளின் தகப்பன் சம்மதிக்கவில்லை. போய்விடலாமா?

பதில்: நீதிமன்றக் கட்டளையை மாற்றாமல் போகாதீர்கள். கட்டுக்காவல் தந்த அதே தீர்ப்பில்தான் சனிக்கிழமையும் இருக்கிறது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தள்ளிப் போனபின் அதை எப்படி நிறைவேற்றுவீர்கள்? நீதிமன்ற அவமதிப்பு என்று அவர் வந்தால் பிழை உங்கள் பக்கமே நிற்கும். (பிள்ளைக் கடத்தல் பற்றிய 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம், அது நாடுவிட்டு நாடு போகும் வழக்குகளுக்கு.)

பிள்ளை பற்றிய கட்டளையை, நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதே வழக்கிலக்கத்தில், மனுவும் சத்தியக் கடதாசியும் கொடுங்கள். இடமாற்றக் கடிதம், அங்குள்ள பாடசாலை அதிபரின் கடிதம் இரண்டையும் இணையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார் என்பதையும் எழுதுங்கள்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். சத்தியக் கடதாசி முழுக்கத் தங்கள் வேலையும் கணவரின் குறைகளுமாக நிரப்புவார்கள். நீதிபதிக்குப் பிள்ளையின் நலனே முதன்மை. இனி அவள் தகப்பனை எப்படிக் காண்பாள் என்று கேட்பார். பதிலை நீங்களே எழுதிக் கொண்டு போங்கள்: ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் பாதி நாட்கள் அவரோடு, மாதம் ஒரு வார இறுதி, வீடியோ அழைப்புக்கு எந்த நாள், எத்தனை மணி. ரயிலில் யார் கூட்டி வருவது, கோட்டை நிலையத்தில் யார் பொறுப்பேற்பது, டிக்கெட் யார் செலவு என்பதுவரை வேண்டும். ‘வசதிப்படி சந்திக்கலாம்’ என்று விட்டால் மாதாமாதம் அளுத்கடை நீதிமன்றத்துக்கு அலைவீர்கள்.

நீதிபதி மகளோடு தனியாகப் பேசக்கூடும். தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் பெரியவர்களின் சொற்கள் வந்தால் உடனே தெரிந்துவிடும். பாரம் சுமப்பதும் அவள்தான்.

பிள்ளையின் செலவுக்கான தாபரிப்புப் பணத்தை அவர் தராவிட்டாலும் சந்திப்பைத் தடுக்க வேண்டாம். பணத்தைக் கேட்க 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதிவான் நீதிமன்றம் இருக்கிறது.

கட்டளை கைக்கு வரும்வரை பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுக்காதீர்கள். வேலையில் சேரும் திகதியைத் தள்ளித்தரும்படி எழுத்தில் கேளுங்கள். இடையில் அவர் இணங்கினால், நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட தாள் மட்டும் போதாது. அந்த இணக்கத்தை வழக்கிலேயே பதிவுசெய்து, கட்டளையாகப் பெறுங்கள்.