நிழல் பாத்தியில், களிமண்ணில் எதை நடலாம்?

கேள்வி: எங்கள் தரைவீட்டின் பின்சுவரோரம் 4 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாத்தி இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமர நிழல். காலையில் ஒரு மணி நேரம்தான் வெயில். ஒட்டும் களிமண், மழை பெய்தால் இரண்டு நாள் சொதசொதவென்று கிடக்கிறது. மல்லிகை, துளசி, கறிவேப்பிலை மூன்றும் பட்டுப்போயின. மணல் கலந்தால் சரியாகுமா?
- வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ், சிங்கப்பூர்

பதில்: மணல் வேண்டாம். கொஞ்சம் மணல் கலந்தால் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு மண் இன்னும் இறுகும். பட்டுப்போன மூன்றுக்குமே வெயிலும் வடிகாலும் வேண்டும். உங்கள் பாத்தியில் இரண்டும் இல்லை.

முதலில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றாலோ, தோண்டிய மண்ணில் அழுகிய முட்டை வாடை அடித்தாலோ, பாத்தியை 20 செ.மீ. உயர்த்தாமல் எதை நட்டும் பயனில்லை. சுவரில் மண் முட்டாதபடி ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

ஈர மண்ணைக் கொத்தவோ மிதிக்கவோ கூடாது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்துங்கள்: உதிர்ந்தால் கொத்தலாம், பிசைந்த மாவாக நசுங்கினால் பொறுங்கள். மேலே 7 செ.மீ. மக்கிய உரம் பரப்பி, 15 செ.மீ. ஆழம்வரை பாத்தி முழுக்கக் கலந்துவிடுங்கள். நடும் குழிக்குள் மட்டும் உரம் போட்டால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அங்கே இறங்கித் தேங்கி, வேர் அழுகும்.

பின்வரிசைக்குச் சமையலில் வாசனைக்குச் சேர்க்கும் பாண்டான், 60 செ.மீ. இடைவெளியில். இந்த ஈரத்தை அது விரும்பவே செய்யும். அதற்கு முன்னால் சேம்பு. தாழ்வான ஓரத்தில் வல்லாரை. மலாய்க்காரர்கள் உலாமாக, அதாவது பச்சைக் கீரையாக, உண்ணும் காடோக்கும் (வெற்றிலை இனச் செடி) நிழலில் நன்றாகப் படரும். ஆனால் வல்லாரையை மூடிவிடும், தள்ளி நடுங்கள். இஞ்சிப்பூ ஆசையைத் தூண்டும்; 3 மீட்டருக்கு மேல் வளர்ந்து பாத்தியையே பிடித்துக்கொள்ளும், உங்கள் இடத்துக்கு ஒத்துவராது. அன்னாசிக் குடும்பத்து அழகுச்செடியான புரோமிலியட் வேண்டவே வேண்டாம். அதன் இலைக்கக்கத்தில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்; 20 காசு நாணய அளவு நீரிலேயே அது பெருகும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரியில் நடுங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். சருகை மூடாக்காகப் போடலாம், தண்டில் படாமல். மழை விட்ட இரவுகளில் நத்தை வரும்; டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்கிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் கறிவேப்பிலையை எங்கே வைப்பது?

பதில்: முன்வாசலில், தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடத்தில், 40 செ.மீ. தொட்டியில். அடியில் ஓட்டைகள் அவசியம். கல் பரப்ப வேண்டாம், அது வடிகாலைக் கூட்டாது. தொட்டிக்கடியில் தட்டும் வைக்காதீர்கள்.