சின்ன பட்ஜெட் பேய்ப்படங்களில் வரும் தன்பால் காதல் கதைகள் ஏன் சிலரை இவ்வளவு ஈர்க்கின்றன?

அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதலில் பார்த்தது ‘தெல்மா’. 2017இல் வந்த நார்வே படம், இயக்கியவர் யோவாகிம் ட்ரியர். அப்போது வேலைக்காக ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். தினமும் இரவு எட்டரைக்கு அம்மாவின் போன் வரும். என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், கூட யார் வந்தது. கூட வந்தவளை ‘ரூம்மேட்’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். தெல்மாவும் அப்படித்தான், பக்தியான கிறித்தவக் குடும்பம், ஆஸ்லோவுக்குப் படிக்க வந்திருக்கிறாள். வீட்டிலிருந்து ஓயாமல் போன். அவள் இன்றைக்கு என்ன செய்கிறாள் என்பது அங்கே இருப்பவர்களுக்கு அத்துப்படி. அந்தக் காட்சியில் லேப்டாப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இத்தனைக்கும் பேய் இன்னும் வரவே இல்லை.

அப்புறம் நூலகக் காட்சி. பக்கத்து நாற்காலியில் ஆன்யா என்றொரு பெண் வந்து உட்காருகிறாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. தெல்மாவின் கை நடுங்குகிறது, வெளியே பறவைகள் ஜன்னல் கண்ணாடியில் வந்து மோதுகின்றன, அவள் வலிப்பு வந்து தரையில் விழுகிறாள். தனக்கே பிடிபடாத ஒன்றை உடம்பு முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. பிறகு ஆப்பரா அரங்கில், நிகழ்ச்சி நடக்கும்போது இருட்டில் ஆன்யாவின் கை இவளைத் தொடுகிறது. மேலே கூரையில் தொங்கிக்கொண்டிருப்பது ஆடத் தொடங்குகிறது. கூட்டத்துக்கு நடுவில் ஒரு கை தொட்டதற்கே கட்டிடம் இடிந்து தலையில் விழுந்துவிடும் என்று பயந்து பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது. இதையே குடும்பப் படமாக எடுத்திருந்தால் ஹாலில் உட்கார்ந்து அப்பா அரை மணி நேரம் பேசியிருப்பார், மகள் அழுதிருப்பாள், நாமும் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம். இங்கே பாவப்பட நேரமில்லை. அவளுடைய பயத்துக்குள்ளேயே நம்மையும் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

பேய்க்கதைக்கும் இந்தக் காதலுக்கும் உறவு பழையது. ஐரிஷ் எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ கதையில் ஒரு ரத்தக்காட்டேரிப் பெண் இன்னொரு பெண்ணின் மேல் மோகம் கொள்கிறாள். அது 1872. ‘டிராகுலா’ நாவல் வர அதற்குப் பிறகும் 25 வருடம் ஆனது. 1931இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை எடுத்த ஜேம்ஸ் வேல் தன்பாலீர்ப்பாளர், அன்றைய ஹாலிவுட்டிலேயே அதைப் பெரிதாக மறைக்காதவர். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு விஞ்ஞானி உண்டாக்கிய, ஊரே துரத்தும் அந்த உருவத்தை அவ்வளவு பரிதாபத்தோடு அவரால் காட்ட முடிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1934இலிருந்து அங்கே தணிக்கை விதிகள் இறுகின, இப்படிப்பட்ட காதலைத் திரையில் காட்டவே கூடாது. ஆனால் காட்டேரியின் பசி என்று சொன்னால் ஓரளவு தப்பிக்கலாம். 1936இல் வந்த ‘டிராகுலாவின் மகள்’ படத்தில், ஓவியத்துக்கு மாடலாக வந்த பெண்ணை அந்த மகளான சீமாட்டி பார்க்கும் பார்வை அப்படித் தப்பித்ததுதான். கடைசியில் அவள் மர அம்பு பாய்ந்து சாகிறாள். அந்தக் காலத்துக் கணக்கு அது: ஆசைப்படலாம், ஆனால் பிசாசாக இருக்க வேண்டும், முடிவில் சாக வேண்டும்.

(நம்மூர் ‘காஞ்சனா’வையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். 2011இல் ஒரு திருநங்கைக்கு தியேட்டரே கைதட்டியது பெரிய விஷயம்தான். ஆனால் அவள் செத்துப் பேயாக வந்த பிறகுதான் அந்தக் கைதட்டல்.)

இந்தக் கணக்கை நன்றாகப் புரட்டிப்போட்ட படம் என்று நான் நினைப்பது பிரேசிலின் ‘குட் மேனர்ஸ்’. ஜூலியானா ரோஹாஸ், மார்க்கோ டுட்ரா இருவரும் சேர்ந்து இயக்கியது. சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் 2017இல் நடுவர் சிறப்புப் பரிசு வாங்கியது. சாவோ பாவ்லோ நகரில், வீட்டாரிடமிருந்து விலகித் தனியாக இருக்கும் பணக்காரக் கர்ப்பிணி அனா. அவள் வீட்டு வேலைக்கு வருகிறாள் கிளாரா, கறுப்பினப் பெண், வாடகைக்கே திண்டாடுகிறவள். பௌர்ணமி இரவுகளில் அனா தூக்கத்தில் நடக்கிறாள், இறைச்சிக்கு அலைகிறாள். விஷயம் புரிந்ததும் கிளாரா ஓடிப்போவதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை. தன் ரத்தத்தையே சமையலில் கலந்து பரிமாறுகிறாள். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதை இதைவிட வீட்டுத்தனமாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை. சம்பளம் வாங்குகிறவள் எங்கே முடிகிறாள், காதலி எங்கே தொடங்குகிறாள் என்ற நெருடலையும் படம் பூசி மெழுகவில்லை.

ஒரு கோபமும் உண்டு (கதையின் பாதி தெரிந்துவிடும், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்). படத்தின் நடுவிலேயே பிரசவத்தில் அனா செத்துப்போகிறாள். ‘இங்கேயும் ஒருத்தியைக் கொன்றுவிட்டீர்களா’ என்று முதல் தடவை எரிச்சலாகிவிட்டது. இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் பிற்பாதி சரியாகக் கண்ணில் பட்டது. ஓநாய்க் குட்டியாகப் பிறந்த அந்தப் பிள்ளையை கிளாரா தூக்கிக்கொண்டுபோய் வளர்க்கிறாள். வீட்டில் கறியே கிடையாது. பௌர்ணமி வந்தால் அவனைத் தனி அறையில் சங்கிலியால் கட்டிப்போட வேண்டும். காதல் அந்தப் பிள்ளை வழியாகத் தொடர்கிறது. கோபம் முழுதாகப் போகவில்லை, பாதி குறைந்தது.

ஏன் சின்ன படங்களில்தான் இதெல்லாம் வருகிறது? பணம்தான். பெரிய கம்பெனிப் படம் பத்து நாட்டில் ஓடியாக வேண்டும், அதனால் இரண்டு ஆண்களின் முத்தம் வெட்டினாலும் தெரியாத அளவுக்கு ஒரு நொடி வந்துவிட்டுப் போகும். பேய்ப்படத்துக்கு ஒரு வீடு, இரண்டு நடிகர், கொஞ்சம் இருட்டு போதும், பெரிய ஸ்டார் இல்லாவிட்டாலும் பயப்பட ஆள் வரும். அந்தச் செலவில் எடுக்கிறவருக்கு யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. அதே சலுகையில் குப்பையும் நிறைய வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண்கள் கட்டிப்பிடிக்கும் போஸ்டரை நம்பிப் பார்த்துவிட்டு நேரத்தை விட்ட படங்கள் என் கணக்கில் ஒரு டஜனாவது இருக்கும்.

பார்க்க நினைத்தால் ‘தெல்மா’வை முதலில் பாருங்கள். விளக்கு பளிச் பளிச்சென்று மின்னும் காட்சிகள் உண்டு, வலிப்பு இருப்பவர்களுக்கு வேண்டாம். ‘குட் மேனர்ஸ்’ இரண்டேகால் மணி நேரம், நடுவில் பாட்டும் வரும், திடுக்கென்று. பூனை வளர்ப்பவர்கள் ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும்.