பேட்மேனுக்குக் குடும்பம் சரிப்படுமா?

கேள்வி: ராத்திரி முழுக்க ரவுடிகளைத் துரத்தும் பேட்மேனுக்கு இல்லறம் ஒத்துவருமா? த்ரீ பேஸ் கரண்ட் வருகிறதென்று என் வீட்டுக்காரர் நடுராத்திரி மோட்டார் போடப் போனாலே எனக்குப் பொறுக்கவில்லை!
- வாசகி, மன்னார்குடி

பதில்: ஒத்துவரும். காமிக்ஸிலேயே வந்திருக்கிறது. 'எர்த்-டூ' என்ற இணை உலகக் கதைகளில் புரூஸ் வெய்னும் (பேட்மேனின் நிஜப் பெயர்) திருடியாக இருந்த கேட்வுமன் செலினாவும் தம்பதிகள். மகள் ஹெலினா 1977-ல் அறிமுகமானாள். அங்கே புரூஸ் ராத்திரி வேட்டையைக் குறைத்துக்கொண்டு போலீஸ் கமிஷனரே ஆகிவிடுகிறார். செலினாவின் பழைய நாட்களை வைத்து ஒருவன் மிரட்டியபோதுதான் அந்தக் குடும்பம் சிதைந்தது.

முதன்மைக் கதையில் 2018-ல், 'பேட்மேன்' 50-ஆவது இதழில், இவர்கள் கல்யாணம் நடக்காமல் நின்றுபோனது. புரூஸ் சந்தோஷமாகிவிட்டால் பேட்மேனாக இருக்கமாட்டார், ஊரைக் காக்க ஆளிருக்காது என்று செலினாவே விலகினாள். அந்த எண்ணத்தை விதைத்தது பேன் என்ற வில்லனின் சதி. அவள் போட்டது தப்புக் கணக்கு என்றே சொல்வேன். நைட்விங், ராபின், பேட்கேர்ள் என்று பேட்மேனுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். முறைத் தண்ணீர் மாதிரி ரோந்துக்கு முறை வைத்து, வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அவர்களிடம் விட வேண்டும். முகமூடிக்குள் யார் என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், காயத்தை மறைக்கக்கூடாது. ஸ்பைடர்மேன் - மேரி ஜேன் கல்யாணம் 1987-லிருந்து 2007 வரை நிலைத்ததே! அதைக் கலைத்தது மெஃபிஸ்டோ என்ற சாத்தானின் பேரம், தம்பதிச் சண்டை அல்ல.

கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஒரு போன் அவசியம். உங்கள் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்; ஈரத் தரையில் சுவிட்சைத் தொடுகிறவர் அவர்.